இது எந்த ஆண்டு?

2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள். தொழிலாளர் தினத்தை முன்னிட்டு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொது விடுமுறை. அன்று ஒருவர், “இது எந்த ஆண்டு?” என்று கேட்டிருந்தால், பெரும்பாலோர் தயங்காமல் “2024” என்று விடை கூறியிருப்பர். அந்த விடை சரியானதே. ஆனால், அந்த நாளுக்கு வேறு பல விடைகளும் உண்டு.

இஸ்லாமிய நாட்காட்டியின்படி அது ஹிஜ்ரி 1445ஆம் ஆண்டு. தாய்லாந்தில் அது பௌத்த ஆண்டு 2567. யூதர்களின் கணக்கில் அது 5784. இந்திய அரசின் தேசிய நாட்காட்டியில் சக ஆண்டு 1946. திருவள்ளுவர் ஆண்டுக் கணக்கில் 2055. ஜப்பானியர்களுக்கு அது ரெய்வா 6. சீனர்களுக்கு டிராகன் ஆண்டு. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் குரோதி ஆண்டு.

இத்தனை விடைகளும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. அன்று உதித்த சூரியனும் ஒன்றே. காலத்தை அளக்கும் கோலும், எண்ணத் தொடங்கும் இடமும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டதால் எண்களும் வேறுபட்டன. இவ்விரண்டையும் அறியாமல் பழைய கல்வெட்டிலோ கல்லறையிலோ சாதகத்திலோ உள்ள ஓர் ஆண்டை வாசித்தால், வரலாற்றில் பல ஆண்டுகள் தவறிவிடும். சில வேளைகளில் பல நூற்றாண்டுகளே தவறிவிடும்.

வானம் தந்த அளவுகோல்கள்

நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றும் மனிதன் வானத்தைப் பார்த்துப் பெற்ற அளவுகள். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதால் நாள் கிடைத்தது. நிலவு வளர்ந்து தேய்ந்து மீண்டும் பிறை தோன்றும் காலம் மாதமானது. ‘திங்கள்’ என்னும் தமிழ்ச்சொல் நிலவையும் மாதத்தையும் சேர்த்துக் குறிப்பது இதனால்தான். பூமி சூரியனை ஒருமுறை சுற்றிவரும் காலம் ஆண்டு எனப்பட்டது.

இந்த மூன்று அளவுகளும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. ஒரு நிலவு மாதம் ஏறத்தாழ 29½ நாள். பன்னிரண்டு நிலவு மாதங்களைக் கூட்டினால் 354 நாள் கிடைக்கும். ஆனால், சூரிய ஆண்டு 365 நாளும் ஏறத்தாழ ஆறு மணி நேரமும் கொண்டது. இடையில் ஏறக்குறைய 11 நாள் வேறுபாடு உள்ளது. இந்த 11 நாளை என்ன செய்வது என்னும் கேள்விக்கு உலக மக்கள் மூன்று வகையாக விடை கண்டனர்.

முதல் வகை, சூரியனை மட்டும் பின்பற்றுவது. இன்று உலகெங்கும் வழங்கும் கிரிகோரியன் நாட்காட்டி இவ்வகையைச் சேர்ந்தது. அதில் வரும் மாதங்களுக்கும் வானத்து நிலவுக்கும் தொடர்பில்லை. தமிழ் மாதங்களும் சூரியனின் இயக்கத்தையே அடிப்படையாகக் கொண்டவை. சூரியன் மேட இராசியில் நுழையும்போது சித்திரை பிறக்கிறது. மகர இராசியில் நுழையும்போது தை பிறக்கிறது. ஆகவேதான் பொங்கல் ஆண்டுதோறும் ஜனவரி 14 அல்லது 15ஆம் நாளில் வருகிறது.

இரண்டாம் வகை, நிலவை மட்டும் பின்பற்றுவது. இஸ்லாமிய நாட்காட்டி இத்தகையது. இதில் 11 நாள் வேறுபாட்டை ஈடுசெய்ய எதுவும் சேர்க்கப்படுவதில்லை. எனவே, நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருகிறது. 2000ஆம் ஆண்டில் அது ஜனவரி மாதத்தில் ஒருமுறையும் டிசம்பர் மாதத்தில் மறுமுறையும் வந்தது.

மூன்றாம் வகை, இரண்டையும் இணைப்பது. சீனர், யூதர் ஆகியோரின் நாட்காட்டிகளில் மாதம் நிலவைப் பின்பற்றும். ஆயினும், ஆண்டு பருவங்களை விட்டு விலகாமல் இருக்க, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதின்மூன்றாவது மாதம் ஒன்று சேர்க்கப்படும். 19 சூரிய ஆண்டுகளில் 235 நிலவு மாதங்கள் அடங்கும் என்பதைப் பண்டைய வானியலார் கண்டறிந்தனர். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு மாதம் வீதம் கணக்கிட்டால் 228 மாதங்களே வரும். எஞ்சிய ஏழு மாதங்களை அந்த 19 ஆண்டுகளுக்குள் பகிர்ந்து சேர்த்தால் கணக்கு நேராகும். யூதர்களின் 5784ஆம் ஆண்டு அவ்வாறு பதின்மூன்று மாதம் கொண்ட ஆண்டாகும். சீனப் புத்தாண்டு ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்திற்கும் இடையிலேயே நின்றுவிடுவதற்கும் இத்தகைய மிகைமாதமே காரணம்.

தமிழர் பண்டிகைகளில் இருவகைக் கணக்கும் கலந்துள்ளன. பொங்கல் சூரியக் கணக்கில் அமைவது. தீபாவளியோ நிலவின் தேய்பிறையை ஒட்டி அமைவதால் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கிடையே நாள் மாறி மாறி வருகிறது.

எங்கிருந்து எண்ணுவது?

ஆண்டின் நீளத்தை வானம் தீர்மானித்தது. முதல் ஆண்டு எது என்பதை வானம் சொல்வதில்லை. அதை மனிதர்களே கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த தொடக்கம், அவர்கள் எதைத் தம் வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது.

பண்டைய அரேபியாவில் ஆண்டுகளுக்கு எண் இடும் வழக்கம் பொதுவாக இல்லை. பெரிய நிகழ்ச்சி ஒன்றின் பெயரால் ஆண்டை அழைத்தனர். ‘யானை ஆண்டு’ அத்தகைய பெயர்களுள் ஒன்று. இஸ்லாமிய ஆட்சி விரிவடைந்தபோது இம்முறை போதவில்லை. ஓர் ஆவணத்தில் மாதத்தின் பெயர் மட்டும் இருந்தால், அது இந்த ஆண்டின் மாதமா, சென்ற ஆண்டின் மாதமா என்பது எப்படித் தெரியும்? கடன் பத்திரங்களிலும் அரசுக் கடிதங்களிலும் இது குழப்பத்தை உண்டாக்கியது. நபிகள் நாயகம் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, கலிஃபா உமர் இதற்குத் தீர்வு கண்டார். நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த கி.பி. 622ஆம் ஆண்டே முதல் ஆண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘ஹிஜ்ரா’ என்னும் அரபுச் சொல் அந்தப் புலம்பெயர்வைக் குறிக்கும். பிறப்பையோ மறைவையோ தேர்ந்தெடுக்காமல், முஸ்லிம்கள் ஒரு சமூகமாக ஒன்றுகூடி வாழத் தொடங்கிய நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது.

கிறித்துவ ஆண்டுக் கணக்குக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கி.பி. 525ஆம் ஆண்டில், ரோமாபுரியில் வாழ்ந்த டயோனிசியஸ் எக்சிகஸ் என்னும் துறவி உயிர்த்தெழுந்த திருநாளுக்குரிய நாட்களைக் கணக்கிட்டு அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். அதுவரை அத்தகைய அட்டவணைகளில் ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் அரியணை ஏறிய ஆண்டே தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. அவனோ கிறித்துவர்களைக் கொடுமைப்படுத்தியவன். அவனது பெயரை ஆண்டுதோறும் நினைவுகூர விரும்பாத டயோனிசியஸ், இயேசு கிறித்துவின் பிறப்பைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணினார். கி.பி. 731இல் இங்கிலாந்துத் துறவி பீட் தம் வரலாற்று நூலில் இம்முறையைக் கையாண்டதற்குப் பிறகு அது மெல்ல மெல்ல ஐரோப்பாவில் பரவியது.

இக்கணக்கில் சுழியம் என்னும் ஆண்டு இல்லை. கி.மு. 1ஆம் ஆண்டை அடுத்து உடனே கி.பி. 1ஆம் ஆண்டு வருகிறது. எனவே, கி.மு. 5ஆம் ஆண்டில் பிறந்த ஒருவர் கி.பி. 5ஆம் ஆண்டில் தம் பிறந்தநாளில் பத்து வயதை அடைந்திருக்க மாட்டார். ஒன்பது வயதையே அடைந்திருப்பார்.

பௌத்தர்கள், புத்தர் பரிநிர்வாணம் அடைந்த ஆண்டிலிருந்து எண்ணுகின்றனர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இலங்கையிலும் மியன்மாரிலும் வழங்கும் கணக்கு, தாய்லாந்தின் கணக்கைவிட ஓர் ஆண்டு முன்னால் நிற்கிறது. அந்த நிகழ்ச்சி நடந்த ஆண்டையே ஒன்று என எண்ணுவதா, ஓராண்டு நிறைவடைந்த பிறகு ஒன்று என எண்ணுவதா என்பதில் ஏற்பட்ட வேறுபாடே இதற்குக் காரணம். யூதர்கள், உலகம் படைக்கப்பட்டதாகத் தங்கள் சமய மரபு கூறும் கி.மு. 3761ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகின்றனர். தமிழறிஞர்கள் பலர், வட்டமாகச் சுழலும் ஆண்டுப் பெயர்களுக்கு மாற்றாகத் தொடர் எண் ஒன்று தமிழருக்கு வேண்டும் எனக் கருதினர். அவர்கள் கி.மு. 31ஆம் ஆண்டைத் திருவள்ளுவரின் பிறப்பாண்டாகக் கொண்டு திருவள்ளுவர் ஆண்டை வகுத்தனர். கிறித்துவ ஆண்டுடன் 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு கிடைக்கும்.

தென்கிழக்காசியாவின் பழைய வரலாற்றை அறிய விரும்புவோருக்கு மிகவும் தேவைப்படுவது சக ஆண்டாகும். இது கி.பி. 78இல் தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற இக்கணக்கு, சுமத்திராவிலும் ஜாவாவிலும் கம்போடியாவிலும் கல்வெட்டுகளில் இடம்பெற்றது. பலெம்பாங் அருகே கண்டெடுக்கப்பட்ட, ஸ்ரீவிஜயப் பேரரசின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு சக ஆண்டு 605ஐக் குறிக்கிறது, அது கி.பி. 683. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னும் ஊரில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010ஐச் சேர்ந்தது, அது கி.பி. 1088. மலாய் மொழி பேசியோரும் தமிழ் வணிகரும் ஒரே ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்தியதை இவ்விரு கற்களும் காட்டுகின்றன.

மன்னனின் பெயரால் ஆண்டு

எல்லாச் சமூகங்களும் ஒரே தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் எண்ணவில்லை. பல நாடுகளில் புதிய மன்னன் அரியணை ஏறும்போது எண்ணிக்கையும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கியது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்காக இராசராச சோழன் செப்புக் கலசம் ஒன்றை வழங்கினான். அக்கோயில் கல்வெட்டு, அவன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில் அது வழங்கப்பட்டதாகக் கூறுகிறது. அக்காலத்துத் தஞ்சை மக்களுக்கு இந்தக் குறிப்பு போதுமானது. இன்று அதை வாசிப்பவருக்கோ, இராசராசன் எப்போது அரியணை ஏறினான் என்பது தெரிந்தாக வேண்டும். அது கி.பி. 985 என்று கண்டறியப்பட்ட பின்னரே, கலசம் வழங்கப்பட்டது கி.பி. 1010இல் என்று கூற முடிந்தது.

சீனாவிலும் பேரரசர்களின் ஆட்சிப் பெயர்களால் ஆண்டுகள் குறிக்கப்பட்டன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பழைய சீனக் கோயில்களின் பெயர்ப்பலகைகளிலும் மணிகளிலும் இத்தகைய குறிப்புகளை இன்றும் காணலாம். ஒரு பலகையில் ‘குவாங்சூ 10’ என்று இருந்தால் அது 1884ஆம் ஆண்டு; ஏனெனில், குவாங்சூ ஆட்சியின் முதல் ஆண்டு 1875. ஜப்பானில் இந்த மரபு இன்றும் தொடர்கிறது. பேரரசர் நருஹித்தோ 2019ஆம் ஆண்டு மே முதல் நாள் அரியணை ஏறியபோது ‘ரெய்வா’ சகாப்தம் பிறந்தது. அந்த ஆண்டை ரெய்வா 1 எனக் கொண்டால், 2024 ரெய்வா 6 ஆகிறது.

மீண்டும் மீண்டும் வரும் ஆண்டுகள்

இன்னொரு முறையும் உண்டு. அதில் ஆண்டுகளுக்குப் பெயர் இருக்கும், எண் இருக்காது. பெயர்களின் வரிசை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

தமிழ்ப் பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் உள்ளன. இந்த வட்டத்தை வியாழன், சனி என்னும் கோள்களின் இயக்கத்தோடு இணைத்து விளக்குவர். வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி சுற்றிவர ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகின்றன. இரண்டும் சேர்ந்து முழுச் சுற்றுகளை நிறைவுசெய்ய 60 ஆண்டுகள் வேண்டும். சீனர்களும் அறுபது ஆண்டு வட்டத்தையே பயன்படுத்தினர். ‘விண்தண்டு’ எனப்படும் பத்துக் குறியீடுகளையும் பன்னிரண்டு விலங்குப் பெயர்களையும் வரிசையாக இணைத்தால், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே அதே இணை மீண்டும் வரும்.

இரண்டு வட்டங்களும் அறுபது ஆண்டு கொண்டவை என்பதால் அவை கைகோத்தே சுழல்கின்றன. 2024 குரோதி ஆண்டு. சீனர்களுக்கு மர டிராகன் ஆண்டு. 1964ஆம் ஆண்டும் அவ்வாறே குரோதியாகவும் மர டிராகனாகவும் இருந்தது.

மனிதரின் வாழ்நாளை அளக்க இந்த வட்டம் மிகவும் ஏற்றது. ஒருவர் தாம் பிறந்த ஆண்டின் பெயரை இரண்டாம் முறையாகக் காணும்போது அறுபது வயது நிறைகிறது. அதைத் தமிழர்கள் அறுபதாம் கல்யாணமாகக் கொண்டாடுகின்றனர். ஆனால், நீண்ட வரலாற்றை எழுத இது மட்டும் போதாது. ஒரு பழைய சாதகத்தில் ‘குரோதி ஆண்டு, ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தால், அதற்கு உரியவர் 1904இல் பிறந்தவரா, 1964இல் பிறந்தவரா என்பது அவரை அறிந்தவர்களுக்கே விளங்கும்.

ஆண்டைத் தேடும் ஆய்வு

கடந்த காலம் நமக்கு விட்டுச்சென்ற ஆண்டுக் குறிப்புகளை இன்றைய கணக்குக்கு மாற்றுவது தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. சில கல்வெட்டுகள் இப்பணியை எளிதாக்குகின்றன. கர்நாடகத்திலுள்ள ஐஹொளெ என்னும் ஊரில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழைக் கூறும் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதை எழுதிய இரவிகீர்த்தி என்னும் புலவர், சக ஆண்டு 556 என்றும் பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டுகள் என்றும் இருவகையாகக் காலத்தைக் குறித்துள்ளார். சகக் கணக்கின்படி 556உடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 634 வருகிறது. கி.மு. 3102இல் தொடங்கும் கலியுகக் கணக்கின்படி பார்த்தாலும் அதே 634 வருகிறது. ஒன்றை மற்றொன்று உறுதிப்படுத்துகிறது.

பல தமிழ்க் கல்வெட்டுகளில் மன்னனின் ஆட்சியாண்டுடன் மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவையும் சேர்த்துக் குறிக்கப்பட்டன. இவை அனைத்தும் ஒரே நாளில் சேர்ந்து அமைவது அரிது. எனவே, வானியல் கணக்கின் துணையால் அந்த நாளைத் தேடிப் பிடிக்க முடியும். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை இத்துறையில் பெரும்பணி ஆற்றிய தமிழர். கி.பி. 700 முதல் 1799 வரை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கான நாட்கணக்கை அட்டவணைகளாகத் தொகுத்து அவர் 1922இல் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அந்நூல், கல்வெட்டு ஆய்வாளர்களின் கைவிளக்காக விளங்கியது.

எல்லாக் கற்களும் இவ்வாறு முழுமையாகக் கிடைப்பதில்லை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மலேசியாவிலேயே உள்ளது. திரெங்கானு மாநிலத்தின் கோல பெராங் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, ஜாவி எழுத்தில் மலாய் மொழியில் பொறிக்கப்பட்டது. இஸ்லாமியச் சட்டங்களைக் கூறும் இக்கல்வெட்டு, தீபகற்ப மலேசியாவில் இஸ்லாம் வேரூன்றியதற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இக்கல்வெட்டு வெள்ளிக்கிழமை, ரஜப் மாதம், ஹிஜ்ரி ‘எழுநூற்றிரண்டு’ எனக் காலத்தைக் குறிக்கிறது. ஆனால், கல்லின் ஒரு பகுதி உடைந்து போயிற்று. ஆண்டு எண்ணைக் குறிக்கும் சொற்கள் அந்த இடத்தோடு முடிந்தனவா, உடைந்த பகுதியிலும் தொடர்ந்தனவா? மலாய் மொழியில் ‘இரண்டு’ என்பதை அடுத்து வேறொரு சொல் வந்தால் எண் இருபதுகளாக மாறிவிடும். வேறு எண்ணாகவும் மாறக்கூடும். ஆகவே, இக்கல்வெட்டின் காலம் கி.பி. 1303 முதல் 1387 வரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதினர். அறிஞர் சையத் முகமது நகிப் அல்-அத்தாஸ் இதனை விரிவாக ஆராய்ந்து, எண் 702 என்பதோடு முடிந்தது என்றும், உரிய நாள் 1303ஆம் ஆண்டு பிப்ரவரி 22 என்றும் நிறுவ முயன்றார். அந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைவது கல்வெட்டின் குறிப்போடு பொருந்துகிறது. இன்று பாடநூல்களிலும் அருங்காட்சியகத்திலும் 1303 என்னும் ஆண்டே இடம்பெறுகிறது.

84 ஆண்டு வேறுபாடு பெரியதா என்று கேட்கலாம். மலாக்கா சுல்தானகம் 1400ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. கல்வெட்டின் ஆண்டு 1303 எனில், மலாக்கா தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே திரெங்கானுவில் இஸ்லாமியச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1387 எனில், அது மலாக்கா தோன்றுவதற்குச் சற்று முன் நிகழ்ந்ததாகிறது. ஒரு கல்லின் உடைந்த மூலையில் இருந்திருக்கக்கூடிய ஓரிரு சொற்களைப் பொறுத்து, ஒரு நாட்டின் வரலாற்று வரிசை மாறுகிறது.

நாட்காட்டிகள் திருத்தப்பட்டபோது

நாட்காட்டிகளும் காலப்போக்கில் திருத்தப்பட்டன. ரோமானியர் வகுத்த ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு 365¼ நாள் எனக் கொண்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. இந்தச் சிறு பிழை நூற்றாண்டுகளாகச் சேர்ந்து பத்து நாளாக வளர்ந்தது. அதைச் சரிசெய்ய, 1582ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி புதிய நாட்காட்டியை அறிவித்தார். அதை உடனே ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. பிரிட்டன் 1752இலும், ரஷ்யா 1918இலும்தான் இதனை ஏற்றன. ரஷ்யாவின் ‘அக்டோபர் புரட்சி’ புதிய நாட்காட்டியின்படி நவம்பர் மாதத்தில் நினைவுகூரப்படுவது இதனால்தான்.

போர்த்துகீசியரிடம் மலாக்கா வீழ்ந்ததாகப் பொதுவாகக் கூறப்படும் 1511 ஆகஸ்ட் 24 என்பதும் பழைய ஜூலியன் கணக்கிலான நாளே. இன்றைய கணக்குக்கு மாற்றினால் அது செப்டம்பர் 3 ஆகும்.

தாய்லாந்து நாட்டில் முன்பு ஏப்ரல் முதல் நாளே புத்தாண்டாக இருந்தது. 1941 முதல் அந்நாட்டு அரசு ஜனவரி முதல் நாளைப் புத்தாண்டாக்கியது. அதனால், ஏப்ரலில் தொடங்கிய பௌத்த ஆண்டு 2483 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டுக்கு ஒன்பது மாதங்களே உண்டு. அதில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வரவே இல்லை. தாய்லாந்து ஆண்டிலிருந்து 543ஐக் கழித்தால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும் என்பது இன்றைக்குப் பொருந்தும் விதி. 1941க்கு முந்திய ஆவணங்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கு அந்த விதி பொருந்தாது.

இத்தகைய எளிய கழித்தல் ஹிஜ்ரி ஆண்டுக்கும் பொருந்தாது. 2024இலிருந்து 622ஐக் கழித்தால் 1402 வருகிறது. உண்மையில் அந்த மே மாதம் ஹிஜ்ரி 1445ஆம் ஆண்டில் இருந்தது. நிலவு ஆண்டு குறுகியது என்பதால், சூரியக் கணக்கில் 32 ஆண்டுகள் செல்வதற்குள் நிலவுக் கணக்கில் ஏறத்தாழ 33 ஆண்டுகள் சென்றுவிடுகின்றன. பதினான்கு நூற்றாண்டுகளில் இந்த வேறுபாடு 43 ஆண்டாகப் பெருகிவிட்டது. அளவுகோலை மறந்து தொடக்கத்தை மட்டும் பார்த்தால் ஏற்படும் பிழை இது.

மூன்று கேள்விகள்

இன்று வங்கி, விமான நிலையம், பள்ளி, மருத்துவமனை ஆகிய எல்லா இடங்களிலும் கிரிகோரியன் நாட்காட்டியே பொதுவாக வழங்குகிறது. பல நாட்டு மக்கள் சேர்ந்து பணியாற்ற ஒரு பொதுக் கணக்கு தேவை. அதற்காக மற்ற நாட்காட்டிகள் மறைந்துவிடவில்லை. மலேசிய, சிங்கப்பூர் இல்லங்களின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் ஒரே கட்டத்திற்குள் ஆங்கிலத் தேதியும், சீன மாத நாளும், ஹிஜ்ரி நாளும், தமிழ் மாத நாளும் சேர்ந்து அச்சாகின்றன. வெசாக் தினம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய விடுமுறை நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் மாறுவது, அந்தப் பழைய அளவுகோல்கள் இன்றும் பயன்பாட்டில் இருப்பதையே காட்டுகிறது.

எனவே, பழைய ஆண்டு ஒன்றைக் காணும் எவரும் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. இந்த ஆண்டை அளந்த கோல் எது: சூரியனா, நிலவா, இரண்டுமா? எந்த நிகழ்ச்சியிலிருந்து எண்ணப்பட்டது? அந்தக் கணக்கு இடையில் திருத்தப்பட்டதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் ஒரு கல்வெட்டையும் மற்றொரு கல்வெட்டையும், ஒரு நாட்டின் வரலாற்றையும் மற்றொரு நாட்டின் வரலாற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க முடியும்.

இக்கேள்விகளைக் கேட்கப் பழகியவர், தம் அண்டை வீட்டாரின் புத்தாண்டு ஏன் வேறொரு நாளில் வருகிறது என்று வியப்படைய மாட்டார். அவர்கள் எதனைத் தம் தொடக்கமாகப் போற்றுகின்றனர் என்பதை அறிந்து, அந்த நாளில் மனமுவந்து வாழ்த்துக் கூறுவார்.